முதல் செய்நிரல் மொழி எது? மூட்டைக் கணக்கோடு வந்திருக்கிறேன்

மூட்டைக்கணக்கு (மல்லாவி)

எல்லோருக்கும் வணக்கம். மல்லாவியில் ஒரு நெல் வாங்கும் கடையில் எடை எழுதுகிறேன். வயது 22. உயர்தரத்தில் வணிகப் பிரிவு. செய்நிரல் (கணினி புரோகிராம்) எழுதப் பழகவேண்டும் என்று ஒன்றரை வருடமாக ஆசை. டவுனில் ஒரு நிலையத்துக்குக் காசு கட்டி ஆறு மாதம் போனேன். பலகையில் 'சொஃப்ட்வெயர்' என்று இருந்தது. உள்ளே பவர்பொயின்டில் பூப் பறக்கவிடத்தான் காட்டித்தந்தார்கள். அது போகட்டும்.

இப்போது நானாகவே தொடங்கலாம் என்று பார்த்தால் எதில் தொடங்குவது என்று தெரியவில்லை. கனடாவில் இருக்கும் மச்சான் ஜாவாஸ்கிரிப்ட் என்கிறார். கொழும்பில் வேலை செய்யும் நண்பன் ஜாவா என்கிறான். முன்பு ரியூசன் எடுத்த சேர் 'சி மொழி தெரியாதவன் செய்நிரல் தெரியாதவன்' என்கிறார். 11 நாளாக இரவு இரவாக 'எந்த மொழி நல்லது' வீடியோக்கள் பார்த்து டேட்டாவை முடித்ததுதான் மிச்சம். இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.

கையில் இருப்பவை: பழைய லப்டொப் ஒன்று, 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7. ஒரு அன்ட்ரொயிட் போன். மாதப் பக்கேஜ் டேட்டா. ஆங்கிலம் வாசித்தால் பாதி விளங்கும். எதில் தொடங்கலாம்?

இரவுப்பணி (வவுனியா)

தம்பி, மச்சான் சொன்னது சரி. ஜாவாஸ்கிரிப்ட். காரணம் எளிது: உங்கள் போனில் பிரவுசர் இருக்கிறதுதானே, அது போதும். ஒன்றும் தரவிறக்க வேண்டாம். 1995இல் பிரென்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் எழுதிய மொழி, இன்றைக்கு அது ஓடாத பிரவுசர் இல்லை. நான் ஐந்து வருடமாக வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டு வேலை செய்கிறேன், சோறு போடுவது அதுதான்.

இன்னொன்று, ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் ஒன்றென்று நினைத்துவிட வேண்டாம். குதிரைக்கும் குதிரைவாலிக்கும் உள்ள உறவுதான்.

சிதான்வேர் (அறிவியல்நகர்)

நான் கிளிநொச்சி பொறியியல் பீட மாணவன். உங்கள் ரியூசன் சேர் சொன்னதை நான் வழிமொழிகிறேன். சி என்பது 1972 அளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி எழுதிய மொழி. இன்றும் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவும், பைத்தன் என்ற இன்னொரு மொழியை ஓட்டுகிற செய்நிரலும் சியில் எழுதப்பட்டவைதான். நினைவகம் என்றால் என்ன, ஒரு எண் அதில் எத்தனை பைட் (நினைவகத்தை அளக்கும் சின்ன அலகு) பிடிக்கும் என்று தெரியாமல் மேலே மேலே கட்டினால் அத்திவாரம் இல்லாத வீடு மாதிரி இருக்கும். 2 ஜிபி ரேம் சி மொழிக்குத் தாராளம்.

குளக்கட்டு

அத்திவாரம் போட்டுவிட்டுக் காசில்லாமல் நிற்கிற வீடுகள் எங்கள் ஊரில் நிறைய இருக்கின்றன தம்பி. கூரை போட்டவன் குடியிருக்கிறான்.

பழையபாஸ்கல் (பாடசாலை ஆசிரியை)

நான் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்பிக்கிறேன், கிட்டத்தட்ட இருபது வருடம். ஒரு விஷயத்தை எல்லோரும் விட்டுவிட்டார்கள். பாஸ்கல் என்பது 1970இல் நிக்லவுஸ் விர்த் மாணவர்களுக்குக் கற்பிப்பதற்கென்றே எழுதிய மொழி. சாதாரண தரப் பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் கற்பித்தேன்.  உயர்தரத்துக்குப் பைத்தன் வந்தது. நான் முதலில் முகம் சுளித்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இடைவெளி விட்டு எழுதுவதெல்லாம் ஒரு இலக்கணமா என்று.

ஆனால் முதல் பாடவேளையில் வித்தியாசம் தெரிந்தது. பாஸ்கலில் ஒரு பிள்ளை இரண்டு எண்ணைக் கூட்டுவதற்கு முன்பு செய்நிரலின் பெயர், மாறிகளின் (மதிப்புகளை வைக்கும் பெயர்களின்) பட்டியல், தொடக்கம், முடிவு, முற்றுப்புள்ளி எல்லாம் எழுதவேண்டும். ஒரு அரைப்புள்ளி தவறினால் நாற்பது நிமிடமும் அதிலேயே போய்விடும். பைத்தனில் ஒரே வரி. விடை வந்ததும் பிள்ளை திரும்பி என்னைப் பார்க்கும் பார்வை வேறு.

தம்பிக்கு நான் பைத்தன் என்றுதான் சொல்வேன். மொழி உயர்ந்தது என்பதற்காக இல்லை. உங்கள் பக்கத்து வீட்டில் உயர்தரத்தில் இந்தப் பாடம் எடுக்கிற பிள்ளை இருந்தால் அதற்குப் பைத்தன் தெரிந்திருக்கும். தமிழில் குறிப்பும் வினாத்தாளும் கிடைக்கும். மாட்டிக்கொண்டால் சைக்கிளில் போய்க் கேட்கலாம். மல்லாவியில் சி மொழிக்கும் ஜாவாவுக்கும் சைக்கிள் தூரத்தில் ஆள் கிடைப்பாரா?

இரவுப்பணி (வவுனியா)

ரீச்சர், வேலை என்று வரும்போது சைக்கிள் தூரம் கணக்கில் வராதே. வேலை தருகிறவன் மெல்போர்னில் இருக்கிறான்.

பழையபாஸ்கல்

வேலை வரும்போது வரட்டும். அவர் இன்னும் முதல் வரி எழுதவில்லை. முதல் மூன்று மாதம் கைவிடாமல் இருப்பதுதான் பிரச்சினை. என் வகுப்பில் விட்டுவிட்டுப் போன பிள்ளைகளில் மொழி பிழை என்று போனவர் யாரும் இல்லை. ஒரு பிழைச் செய்தியோடு தனியாக இரண்டு இரவு இருந்தவர்கள்தான் போனார்கள்.

ஜாவாக்காரன் (கொழும்பு, ஊர் நெடுங்கேணி)

ஜாவாவைச் சொன்ன நண்பன் நான் இல்லை, ஆனாலும் அவன் பக்கம் நிற்கிறேன். வங்கி, காப்புறுதி, பெரிய நிறுவனம் எல்லாவற்றிலும் ஜாவாதான். இது என்ன வகைத் தரவு என்று முதலிலேயே எழுதவைக்கும். எழுத நேரம் எடுக்கும், ஆனால் பிழையை ஓடுவதற்கு முன்பே பிடித்துவிடும். ஆனால் அந்த லப்டொப்பில் ஜாவாவுக்கான பெரிய எழுதுகருவிகளை நிறுவினால் கணினி எழும்புவதற்குள் கடை பூட்டிவிடும். அதை ஒப்புக்கொள்கிறேன்.

தமிழ்க்கோடு

ஆங்கிலம் பாதிதான் விளங்கும் என்கிறார். எழில் என்று ஒரு மொழி இருப்பதை யாரும் சொல்லவில்லையே? முத்து அண்ணாமலை உருவாக்கியது, கட்டளைச் சொற்கள் எல்லாம் தமிழ். உங்கள் மூட்டையையே எழுதிப் பார்ப்போம்:

எடை = 61.8
@( எடை > 60 ) ஆனால்
    பதிப்பி "பெரிய மூட்டை"
இல்லை
    பதிப்பி "சின்ன மூட்டை"
முடி

பாருங்கள், நிபந்தனை முன்னால், 'ஆனால்' பின்னால். நாங்கள் பேசுவதும் அப்படித்தானே. 'அறுபதுக்கு மேல் ஆனால் பெரிய மூட்டை.' ஆங்கிலச் சொற்களில் எழுதும்போது தலைகீழாக யோசிக்கவேண்டியிருக்கிறது.

சிதான்வேர்

அழகாகத்தான் இருக்கிறது அண்ணா. பிழை வந்தால் யாரிடம் கேட்பது?

தமிழ்க்கோடு

நியாயமான கேள்வி. எழிலை ஒரு வார இறுதிக்கு வைத்துக்கொள்ளலாம், வருடத்துக்கு இல்லை. மாறி, நிபந்தனை, சுற்று (ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது) என்ற மூன்றும் தாய்மொழியில் ஒருமுறை மண்டைக்குள் போய்விட்டால் பிறகு எந்த மொழியும் பயம் காட்டாது. எழிலே பைத்தனில் எழுதப்பட்டதுதான். பைத்தன் 3இலும் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாம், 'விலை', 'எடை' என்று. கட்டளைகள் மட்டும் ஆங்கிலம்.

ஆனால் ஒரு வேடிக்கை. 'வன்னி' என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தனிடம் கேட்டால் 5 என்கிறது. நமக்கு மூன்றெழுத்து: வ, ன், னி. அதற்கு வ, ன, புள்ளி, ன, விசிறி (இகரக் குறி) என்று ஐந்து துண்டு. அதே சொல்லை யூடிஎஃப்-8இல் (எழுத்தைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) வைத்துச் சியிடம் கேட்டால் 15 என்னும், அது பைட்டை எண்ணுகிறது, ஒரு துண்டுக்கு மூன்று பைட். யாரும் பொய் சொல்லவில்லை, ஒவ்வொன்றும் வேறொன்றை எண்ணுகிறது. மொழிக்கு மொழி என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

குளக்கட்டு

எழுத்தை எண்ணச் சொன்னால் விசிறியை எண்ணுகிற ஆள் எங்கள் பிரதேச செயலகத்திலும் உண்டு... சரி, சொல்லவில்லை.

நெல்லுக்காரி (புதுக்குடியிருப்பு)

நான் ஒன்று கேட்கட்டுமா? தம்பி எதற்காகப் பழகுகிறார் என்று யாரும் கேட்கவில்லையே. வேலைக்கா, பரீட்சைக்கா, சும்மா ஆசைக்கா?

மூட்டைக்கணக்கு

அக்கா, நல்ல கேள்வி. கடையில் நான் மூட்டைக்கு மூட்டை எடையை சி.ஆர். கொப்பியில் எழுதுகிறேன். அறுவடை நேரம் ஒரு நாளைக்கு நானூறு மூட்டைக்கு மேல் வரும். வெட்டுமெசின் இறங்கிவிட்டால் இரவு பத்து மணிவரைக்கும் உழவு இயந்திரப் பெட்டிகள் வரிசையில் நிற்கும். எடையைக் கூட்டி, சாக்குக் கழிவு கழித்து, விலையால் பெருக்கி, கல்குலேட்டரில் அடித்து அடித்து விரல் வலிக்கும். ஒரு மூட்டையை இரண்டு தரம் அடித்துவிட்டு முதலாளியிடம் பேச்சும் வாங்கியிருக்கிறேன். அதை ஒரு செய்நிரலாக எழுதவேண்டும். அதுதான் முதல் ஆசை. வேலை பற்றிப் பிறகு பார்ப்போம்.

ஜாவாக்காரன்

இதற்கு எக்செல் போதுமே?

மூட்டைக்கணக்கு

போதும் அண்ணை. ஆனால் எக்செல்லில் செய்தால் கணக்குத்தான் முடியும், எனக்கு ஒன்றும் பழகியிருக்காது.

நெல்லுக்காரி

அப்படியென்றால் மொழிச் சண்டை முடிந்தது. எடையைக் கேட்கவேண்டும், கூட்டவேண்டும், சேமிக்கவேண்டும். பைத்தனில் முப்பது வரிக்குள் முடிகிற விஷயம். நானும் அப்படித்தான் பழகினேன், இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, சங்கக் கடைக் கணக்கு ஒன்றை வைத்துக்கொண்டு.

கவனிக்கவேண்டியது ஒன்று: உங்கள் லப்டொப் விண்டோஸ் 7. புதிய பைத்தன் அதில் ஏறாது. 3.8 பதிப்புத்தான் விண்டோஸ் 7இல் ஓடும் கடைசிப் பதிப்பு. 3.8.10 என்று தேடி இறக்குங்கள், 30 எம்பிக்குள் முடியும். நிறுவும்போது முதல் திரையில் அடியில் 'பாத்' என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதில் சரி அடையாளம் போட்டுவிடுங்கள். நான் போடாமல் விட்டு மூன்று நாள் அழுதேன். போனிலும் பழகலாம், பைட்ரொயிட் 3 என்று ஒரு செயலி, டேட்டா இல்லாமல் ஓடும். வரிசையில் வண்டி இல்லாத நேரத்தில் தட்டிப் பார்க்கலாம்.

குளக்கட்டு

பைத்தன் என்றால் வெங்கிணாந்திப் பாம்பு என்றுதானே நினைத்திருந்தீர்கள்? இல்லையாம். 1991இல் முதற்பதிப்பை வெளியிட்ட கீடோ வான் ரொசம் ஒரு பிரித்தானிய நகைச்சுவைக் குழுவின் பெயரைத்தான் வைத்தார். வவுனிக்குளக் கட்டில் கிடக்கிறதற்கும் இதற்கும் தொடர்பில்லை, பயப்படாமல் கைவைக்கலாம்.

மூட்டைக்கணக்கு (4 நாள் கழித்து)

நிறுவிவிட்டேன். அந்தச் சின்னப் பெட்டியில் சரி போட்டேன் அக்கா, நன்றி.

முதல் பிழை: நண்பன் போனில் அனுப்பிய நான்கு வரியை அப்படியே ஒட்டினேன். செல்லாத எழுத்து என்று திட்டியது. ஒரு மணித்தியாலம் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, போன் மேற்கோள் குறியை வளைத்து அழகாக்கிவிட்டது. நிமிர்ந்த குறி போட்டதும் ஓடியது.

இரண்டாவதுக்குத்தான் விடை தெரியவில்லை. விலை 120 என்று வைத்தேன் (அரசாங்கம் 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்குச் சொன்ன கிலோ விலை, சோதனைக்கு அது போதும்). எடையை 'இன்புட்' மூலம் கேட்டு 62 என்று தட்டினேன். பெருக்கினால் 7440 வரவேண்டும். திரை முழுக்க 62626262626262 என்று ஓடுகிறது. முதலாளி பார்த்துவிட்டு 'இவ்வளவு காசுக்கு நான் எங்கே போவேன்' என்றார்.

பழையபாஸ்கல்

எண்ணிப் பாருங்கள், 240 இலக்கம் இருக்கும். 62ஐ 120 தரம் எழுதியிருக்கிறது. 'இன்புட்' தருவது எண் இல்லை, சரம். எழுத்துகளின் கோவை. சரத்தை 120ஆல் பெருக்கச் சொன்னால் பைத்தன் 120 தரம் திருப்பிச் சொல்லும். கிளிப்பிள்ளை மாதிரி.

இரவுப்பணி

ஜாவாஸ்கிரிப்டில் இதையே செய்திருந்தால் 7440 வந்திருக்கும் தம்பி. பெருக்கல் குறியைக் கண்டதும் சரத்தைத் தானாக எண்ணாக்கிக்கொள்ளும்.

பழையபாஸ்கல்

கூட்டச் சொல்லியிருந்தால்? 62உம் 58உம்?

இரவுப்பணி

...6258. சரி ரீச்சர், விடுங்கள்.

சிதான்வேர்

அண்ணா, எளிய வழி: 'இன்புட்'டைச் சுற்றி 'இன்ட்' போடுங்கள். முழு எண்ணாகிவிடும்.

மூட்டைக்கணக்கு

62க்கு வேலை செய்கிறது! 61.8 என்று கொடுத்தால் மறுபடி பிழை. எங்கள் தராசு தசமத்தில்தான் காட்டும்.

சிதான்வேர்

அப்படியானால் முதலில் 'ஃப்ளோட்' (தசம எண்ணாக்குவது), அதற்கு வெளியே 'இன்ட்'. இரண்டையும் போட்டால் பிழை வராது.

மூட்டைக்கணக்கு

ஆகா. ஓடுகிறது. நாளைக்குக் கடையில் வைத்துப் பார்க்கிறேன்.

மூட்டைக்கணக்கு (அடுத்த நாள்)

143 மூட்டை ஏற்றியபிறகு கரண்ட் போனது. லப்டொப் பற்றரி எப்போதோ செத்தது. எல்லாம் போய்விட்டது. நல்ல காலம், சி.ஆர். கொப்பியிலும் எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

நெல்லுக்காரி

நினைவகத்தில் இருப்பது கரண்டோடு போகும் தம்பி, அது எந்த மொழியிலும் அப்படித்தான். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கோப்பைத் திறந்து, கடைசியில் ஒரு வரி சேர்த்து, உடனே மூடிவிடுங்கள். 'வித் ஓப்பன்' என்று தேடினால் கிடைக்கும். கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் 'டபிள்யூ' போட்டால் பழையதை அழித்துவிட்டு எழுதும், 'ஏ' போட்டால்தான் அடியில் சேர்க்கும். இது மிக முக்கியம், மாறிப் போட்டுவிட வேண்டாம். கொப்பியையும் விடவேண்டாம்.

ஜாவாக்காரன்

இதற்கிடையில், வேலை நோக்கத்தோடு இந்த இழையை வாசிக்கிற மற்றவர்களுக்கு இரண்டு வரி. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக ஒரு தொடர் பாடநெறி வைத்திருக்கிறது, ட்ரெய்னி ஃபுல் ஸ்டாக் டெவலப்பர் என்று. அதிலும் முதலில் வலை வடிவமைப்பு, பிறகு பைத்தன். நேரில் படிக்க விரும்பினால் கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. பட்டம் வேண்டுமென்றால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி பி.ஐ.டி. (தகவல் தொழில்நுட்பப் பட்டம்). இவற்றில் சேர்ந்தால் மொழியை அவர்களே தெரிந்து தருவார்கள், இப்படி இரவு இரவாக யோசிக்கத் தேவையில்லை.

குளக்கட்டு

கலியாணம் பேசிச் செய்துவைக்கிற மாதிரி.

மூட்டைக்கணக்கு (9 நாள் கழித்து)

ஒரு சிக்கல். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஒருவாரமாகச் செய்நிரல் நன்றாக ஓடியது. கோப்பிலும் பதிகிறது. கரண்ட் போனாலும் கவலை இல்லை. முதலாளியும் கல்குலேட்டரை ஒதுக்கி வைத்துவிட்டார். முந்தாநாள் துணுக்காய்ப் பக்கத்து ஐயா ஒருவர் 43 மூட்டை கொண்டுவந்தார். தராசில் ஏறுகிற ஒவ்வொன்றையும் சோடாப் பெட்டி மட்டையில் பென்சிலால் எழுதிக்கொண்டு நின்றார். நான் கூட்டுத்தொகை சொன்னதும் மட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 'தம்பி, உன்ர பெட்டி இருபது கிலோவைத் தின்னுது' என்றார்.

நான் கணினி பிழைவிடாது ஐயா என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இரவு மனம் கேட்கவில்லை. கொப்பியை எடுத்துக் கையால் கூட்டினேன். செய்நிரல் 21.6 கிலோ குறைத்துச் சொல்லியிருக்கிறது. கிலோ 120 என்று வைத்தாலும் 2,592 ரூபா. ஐயாவுக்கு மட்டும் இல்லை, அந்த வாரம் வந்த எல்லோருக்கும் குறைந்திருக்கிறது. ஒருவருக்குக்கூடக் கூடவில்லை. எங்கே பிழை?

பழையபாஸ்கல்

கோப்பைத் திறந்து பாருங்கள். எடைகளில் தசமம் இருக்கிறதா?

மூட்டைக்கணக்கு

இல்லை ரீச்சர். 61.8 என்று தட்டியது 61 என்று கிடக்கிறது. 59.9உம் 59.

பழையபாஸ்கல்

'இன்ட்' என்பது கிட்டிய முழு எண்ணுக்குக் கொண்டுபோகாது. தசமத்தை வெட்டி எறியும். 59.9ஆக இருந்தாலும் 59தான். வெட்டுவது எப்போதும் ஒரே பக்கம் என்பதால் விற்பவருக்குத்தான் நட்டம். மூட்டைக்குச் சராசரி கிட்டத்தட்ட அரைக் கிலோ, 43 மூட்டைக்கு 21.6. கணக்குச் சரியாக வருகிறது பாருங்கள்.

சிதான்வேர்

அண்ணா, அந்த வரியைச் சொன்னது நான். பிழை வராமல் ஓடவேண்டும் என்று மட்டும் பார்த்தேன். உங்கள் தராசு தசமம் காட்டும் என்று நீங்கள் சொன்ன பிறகும் 'இன்ட்' போடச் சொல்லியிருக்கிறேன். மன்னிக்கவேண்டும்.

சொல்லவேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. நான் போற்றுகிற சியில் இது இன்னும் மோசம். தசம எண்ணை முழு எண் மாறிக்குள் போட்டால் சாதாரணமாக ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் சத்தமின்றி வெட்டும்.

ஜாவாக்காரன்

ஜாவா விடாது. தசமத்தை முழு எண் மாறிக்குள் போட்டால், இதில் இழப்பு வரலாம் என்று சொல்லித் தொகுக்கவே (ஓடக்கூடிய வடிவுக்கு மாற்றவே) மறுக்கும். நான் முதலில் சொன்னது இதைத்தான்.

நெல்லுக்காரி

மறுக்கும், ஓம். 'பரவாயில்லை வெட்டு' என்று அடைப்புக்குறிக்குள் 'இன்ட்' எழுதிக் கொடுத்தால் ஜாவாவும் வெட்டும்தானே? எங்கள் தம்பியும் இங்கே அதைத்தான் எழுதிக் கொடுத்தார், பிழைச் செய்தி போகட்டும் என்று. ஜாவாவில் இருந்திருந்தால் இந்த இழையில் யாரோ ஒருவர் அந்த அடைப்புக்குறியைச் சொல்லிக் கொடுத்திருப்போம்.

ஜாவாக்காரன்

அதுவும் உண்மைதான். இருந்தாலும் ஒருமுறை நின்று யோசிக்கவைத்திருக்கும் என்பேன்.

திருத்தத்துக்கு வருவோம். வெளியே இருக்கிற 'இன்ட்'டை எடுத்துவிட்டு 'ஃப்ளோட்' மட்டும் வைத்தால் இன்றைக்கே சரியாகிவிடும். ஆனால் பைத்தனிடம் 0.1உம் 0.2உம் கூட்டச் சொல்லிப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். ஜாவாவும் அதையேதான் சொல்லும். கணினி உள்ளே இரண்டின் அடுக்குகளில் எண்ணுவதால் பத்தில் ஒன்றைச் சரியாக வைக்க முடிவதில்லை. நெல்லுக்கு அது தூசு, ஆனாலும் பழக்கத்துக்குச் சொல்கிறேன்: 61.8 கிலோவை 618 என்று, நூறு கிராம் அலகில் முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டி முடித்து, காட்டும்போது மட்டும் பத்தால் பிரியுங்கள். மாற்றும்போது பத்தால் பெருக்கி 'ரவுண்ட்' (கிட்டிய முழு எண்ணுக்குக் கொண்டுபோவது) போடவேண்டும், மறுபடி 'இன்ட்' போட்டு வெட்டிவிட வேண்டாம்! காசுக்கும் அப்படித்தான், சதத்தில் வைப்பது.

குளக்கட்டு

ஐயா பென்சிலால் எழுதிய மட்டையில் எந்த மொழி இருந்தது என்று யாராவது கேட்டீர்களா?

மூட்டைக்கணக்கு (2 நாள் கழித்து)

திருத்திவிட்டேன். 618 முறைதான் வைத்திருக்கிறேன். பழைய கொப்பியை எடுத்து ஆறு நாள் கணக்கையும் புதுச் செய்நிரலில் திரும்ப ஏற்றினேன், இரண்டு இரவு பிடித்தது. ஒவ்வொருவருக்கும் எவ்வளவு குறைந்தது என்று பட்டியல் எடுத்து முதலாளியிடம் கொடுத்தேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு காசு லாச்சியைத் திறந்தார்.

ஐயா வீட்டுக்கு நானே மோட்டார் சைக்கிளில் போய்க் கொடுத்தேன். காசை எண்ணிப் பார்க்கவில்லை, மட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பேத்தியைக் கூப்பிட்டார். அவர் கூட்டியதும் என் புதுக் கணக்கும் ஒன்று. நூறு கிராம் வித்தியாசமும் இல்லை. தேத்தண்ணி தந்தார். பேத்தி உயர்தரம் படிக்கிறாளாம், இந்தப் பாடம்தான். லப்டொப்பில் வரிகளைக் காட்டினேன். 'இந்தச் சுற்றுக்குள் ஏன் விலையை ஒவ்வொரு தரமும் பெருக்குகிறீர்கள், கடைசியில் ஒருதரம் பெருக்கினால் போதாதா' என்று கேட்டாள். போதும்தான்.

ஐயா சொன்னது வேறு. 'திரையில காட்டினா எனக்கு என்ன தெரியும், மூட்டை மூட்டையாத் தாளில தா' என்றார். அதனால் அடுத்த கேள்வி: கடைகளில் பில் அடிக்கிற சின்ன பிரிண்டர் இருக்கிறதே, சுருள் தாள் போடுவது. அதில் பைத்தனால் தமிழ் எழுத்து அடிக்க முடியுமா? இல்லை அதற்கு வேறு மொழி பழகவேண்டுமா?

இரவுப்பணி

வேறு மொழி வேண்டாம் தம்பி. அந்த பிரிண்டர்கள் பலவற்றுக்குள் தமிழ் எழுத்துரு இருக்காது, நேரே அனுப்பினால் கேள்விக்குறியாக அடித்துத் தள்ளும். எழுத்தைப் படமாக வரைந்து படத்தை அனுப்பவேண்டும். மூட்டை எண்ணும் எடையும் வெறும் இலக்கம்தானே, அதைப் படமாக்கத் தேவையில்லை. தலைப்பு ஒன்றை மட்டும் படமாக வைத்துக்கொள்ளலாம். பிரிண்டரின் மொடல் இலக்கம் அடியில் ஒட்டியிருக்கும், பார்த்துச் சொல்லுங்கள்.